உன் முதுகில் இருக்கிறவள்

என் செல்ல மகனே,

தொலைபேசியில் நாம் இருவரும் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சத்தம் கூடிவிடுகிறது. நான் தொடங்குவேன், நீ "அம்மா, ப்ளீஸ்" என்பாய், நான் அந்த ப்ளீஸைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏறுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். நீ பின்வரிசை வாங்கில் இருந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுததும் எனக்குத் தெரியும். அந்த அழுகைக்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். விளங்காத இடத்தை அப்பாவிடம் கேள். அவர் வாசித்துக் காட்டும்போது இடையிடையே சிரிப்பார், அதைக் கண்டுகொள்ளாதே.

உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. போன மாதம் பேர்ண் ரயில் நிலையத்தில் வைத்து நீ என்னிடம் கேட்டாய்: "உங்களுக்கு வெக்கமா இருந்தால் கோயில் வேண்டாம் அம்மா. நானும் நிலானியும் நகரசபையில கையெழுத்து மட்டும் வைக்கிறம். என்ன சொல்லுறீங்கள்?" நான் ஒன்றும் சொல்லாமல் ரயிலில் ஏறிவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே நீ நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தக் கடிதம்தான் அதற்குப் பதில். ஆனால் கேட்டவுடன் பதில் சொல்லிவிட்டுப் போகிற ஆளா உன் அம்மா? முதலில் நான் செய்த குற்றங்களைச் சொல்லி முடிக்கிறேன். அவற்றில் ஒன்று உனக்கு இன்னும் தெரியாது.

நான்கு வருடமாக நீ கோயிலுக்குள் வரவில்லை. லாங்கன்தால் வீட்டிலிருந்து எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிடுவாய், அன்னதானம் முடிகிற நேரம் வந்து ஏற்றுவாய். தேர்த் திருவிழாவுக்கு வந்தாலும் சப்பாத்துகளுக்குக் காவல் நிற்கிறேன் என்று வெளியே நின்றுவிடுவாய். நம் கோயிலில் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தைப்பொங்கல் குளிரில்கூட அப்பா நடையில் ஜாக்கெட்டையும் சட்டையையும் கொளுவிவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக் கிட்டி உள்ளே போவார். நீ அந்தச் சட்டையைக் கழற்ற முடியாமல்தான் வெளியே நிற்கிறாய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நீ வேதத்துக்கு மாறிவிட்டாய் என்று நினைத்தேன். நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து உன் அறையில் பைபிளைத் தேடினேன். மெத்தையையும் தூக்கிப் பார்த்தேன். அகப்பட்டது ஜப்பான் படப் புத்தகங்கள் மூன்று. அலையும் மீனும் பூவும். நல்ல காலம், பிள்ளை படம்தான் பார்க்கிறது என்று மெத்தையை இருந்தபடி போட்டுவிட்டு வந்தேன். எவ்வளவு பெரிய துப்பறிகிறவள் பார்த்தாயா!

பிறகு நீ பேர்ணில் தனி வீடு எடுத்துப் போனாய். இந்த வருட ஆடி வெக்கையில் ஒருநாள் நண்டுக் கறியும் புட்டும் கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். நீ சோபாவில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். முதுகில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு உள்ளே நீலமும் கறுப்பும் சிவப்புமாக இருந்தது. வயோதிபர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகக் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டுகிறவள் நான். விழுந்து அடிபட்டவர்களின் முதுகு என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையை யாரோ அடித்துப்போட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "ஆரடா அடிச்சது?" என்று கத்திக்கொண்டு கிட்ட வந்த பிறகுதான் பார்த்தேன், அங்கே ஒரு பெண் இருந்தாள். தலைமயிர் விரிந்து கிடந்தது, மார்பில் துணி இல்லை, கையில் கத்தி. அன்றைக்கு நான் சொன்ன எல்லாவற்றையும் இங்கே எழுதினால் கடதாசி கிழிந்துவிடும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன், மன்னிப்புக் கேட்கவேண்டியது அதற்குத்தான். "உந்த முதுகோட என்ர கண்ணில முழியாதை" என்று சொன்னேன். நீ எழும்பிச் சட்டையைப் போட்டாய்.

அன்றைக்குப் பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். இன்டர்லாக்கனில் தான் வேலை செய்கிற ஹோட்டல் சமையலறையில் நின்றார், பின்னால் கோப்பைகள் கழுவுகிற சத்தம். நான் அழுது அழுது சொல்லி முடித்ததும் அந்த மனிசன் சொன்ன பதில்: "ஓம், தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும். ஆத்தில குளிக்கப் போகேக்க கண்டனான். வடிவாத்தானே கிடக்கு." வடிவாத்தானே கிடக்காம்! அந்த வார இறுதி வீட்டுக்கு வந்தபோது அவர் தன் தேத்தண்ணீரைத் தானே போட்டுக் குடித்தார்.

இனி உனக்குத் தெரியாத குற்றம். கலியாண ஆயத்தம் கதைக்க ஐயரிடம் போனேன் அல்லவா, அப்போது மெதுவாகக் கேட்டேன், மாப்பிள்ளை மேலுக்கு ஒரு குர்தா போட்டுக்கொண்டு மணவறையில் இருக்கலாமோ என்று. "ஏனம்மா?" என்றார். அந்த ஏன் என்பதற்கு நான் ஆயத்தமில்லாமல் போயிருந்தேன். வாயில் வந்தது, "அவனுக்கு ஒரு தோல் வருத்தம், ஐயா." சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கை நின்றுபோனதையும் கண்டேன். கதை ஊரைச் சுற்றிவரப் பன்னிரண்டு நாள்தான். பன்னிரண்டாம் நாள் ஜெனீவாவிலிருந்து உன் மாமியார் போன் எடுத்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையளுக்குத் தெரியாமல்தான் கேக்கிறன். தம்பிக்குத் தோலில என்னவோ வருத்தமாம். வெண்குட்டமோ அக்கா?"

வெண்குட்டம் தொற்றாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வேலையில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். அன்றைக்கு அதைக்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சேச்சே, சின்ன அலர்ஜி" என்று முதல் பொய்க்கு மேல் இரண்டாவது பொய்யை ஏற்றினேன். "அப்ப டொக்டரிட்ட ஒரு துண்டு வாங்கித் தாங்கோ, அக்கா. பேரப்பிள்ளையளுக்கு வருமோ வராதோ எண்டு எழுதி. இல்லாட்டி இவர் கலியாணத்தை ஒருக்கா யோசிக்கவேணும் எண்டு நிக்கிறார்." போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நிலத்தில் இருந்துவிட்டேன். உன் முதுகை மறைக்கப் போய் உன் கலியாணத்தையே குலைக்கப் பார்த்தேன், மகன். நிலானி எவ்வளவு நல்ல பிள்ளை. நான் நண்டு உடைக்கும்போது பக்கத்தில் வந்து நின்று தானும் உடைக்கிற பிள்ளை.

அந்தக் கோபத்தை யார் மேல் கொட்டுவது? உனக்குப் பச்சை குத்தினவள் மேல் கொட்டுவது என்று முடிவெடுத்தேன். போட்டவளுக்கு அழிக்கத் தெரியாமலா இருக்கும்? அப்பாவிடம் விலாசத்தைப் பிடுங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை வேலை முடிந்த கையோடு பேர்ணுக்கு ரயில் ஏறினேன். வழிநெடுக ஜெர்மன் வசனம் நான்கு பாடமாக்கினேன். ஒவ்வொன்றும் சாட்டையடி. மண்டையோடும் பெரிய பாட்டுச் சத்தமும் தாடிக்காரர்களும் இருக்கிற இடமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் இறங்குகிற அந்தப் படிகளில் இறங்கினேன். கதவைத் திறந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று எழுதிக் கிடந்தது. உள்ளே பாய் விரித்த தரை. சுவர்த் தட்டில் சாமிக்கு வைப்பதுபோல ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பச்சைக் கொப்பும் வைத்திருந்தது. பாயில் முழந்தாளிட்டு ஒரு பெண், அறுபது வயதிருக்கும், நரைத்த மயிரைப் பின்னிக் கட்டியிருந்தாள். அவளுக்கு முன்னால் நீ குப்புறக் கிடந்தாய். நீ அங்கே இருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீயும் என்னை எதிர்பார்க்கவில்லை. "அம்மா!" என்று நீ எழும்பப் போனபோது அவள் உன் தோளில் கையை வைத்து அமத்தினாள்.

என் முதல் வசனத்தைத் தொடங்கினேன். பாதியில் மீதி மறந்துபோனது. அவள் என்னைப் பார்த்து, "நீங்கள்தான் அம்மா. உட்காருங்கள்" என்றாள். பெயர் ரெகுலா என்று பிறகு சொன்னாள். நான் உட்காரவில்லை, சண்டை பிடிக்க வந்தவள் உட்காரலாமா? நின்றபடியே உன் முதுகைப் பார்த்தேன். ஆடி மாதம் அரைக் கண்ணால் பார்த்ததை அன்றைக்கு முழுக் கண்ணால் பார்த்தேன்.

கழுத்தடியிலிருந்து தொடை வரை கடல், மகன். அலைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி, நுனியில் நுரை விரல்விரலாகப் பிரிந்து நின்றன. கடலின் அடியில் கரிக் கறுப்பு. அது மேலே வர வர இளகி, கடைசியில் மழைத் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. எந்த இடத்தில் கறுப்பு முடிந்து சாம்பல் தொடங்குகிறது என்று மூக்கை வைத்துத் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. வலது தோளிலிருந்து ஒரு நாகராசா இறங்கி வந்தான், நாலு காலும் மீசையும் உள்ள நாகராசா. அவன் செதில்களை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். இடுப்படியில் நண்டும் கணவாயும் ஈட்டி பிடித்துக்கொண்டு துரத்தின. அவ்வளவுக்கும் நடுவில் அவள், நீரோட்டத்தில் மயிர் மேலே எழும்ப, இடுப்பில் ஒரு கயிறோடு. ஒரு கையில் கத்தி, மறு கையில் மார்போடு அணைத்த, முத்துப்போல உருண்ட ஒரு மணி. முகத்தில் புருவம் இருந்தது, உதடு இருந்தது, கண் மட்டும் இல்லை. பத்தொன்பது வருடமாக முதுகுகளைப் பார்த்தவள் நான். மனிசத் தோலில் இப்படி ஒன்றைக் கொண்டுவர முடியும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மெஷின் இல்லை, வயர் இல்லை. ஒரு முழ நீளத்தில் ஒரு கோல், அதன் நுனியில் பட்டு நூலால் வரிசையாகக் கட்டிய ஊசிகள். இடது கைப் பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, அந்தப் பெருவிரலின் மேலேயே கோலைச் சாய்த்து, உள்ளே விட்டு ஒரு சின்ன எத்து எத்தி எடுக்கிறாள். முருங்கையிலையைக் காம்பிலிருந்து உருவும்போது வருமே ஒரு சத்தம், அதுதான் வந்தது. நான் சண்டையை மறந்து அவளுடைய கையைப் பார்க்கத் தொடங்கினேன். புதுக் கையுறை. ஊசி பிரிக்கும்வரை உறைக்குள். பாவித்ததைப் போட மஞ்சள் பெட்டி. எங்கள் இல்லத்தின் பெரிய தாதி வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. துடைக்கிற தாள் முடிந்துபோனதும் என் கை தானாக நீண்டு அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கினாள். அரை மணித்தியாலத்தில் நான் உட்கார்ந்தும்விட்டேன், உதவியாளாகவும் ஆகிவிட்டேன். வெட்கக்கேடு!

குத்திக்கொண்டே அவள் கதை சொன்னாள். ஜப்பானில் ஒன்பது வருடம் ஒருவருக்குக் கூடமாட வேலை செய்து பழகினவளாம். அந்த நாட்டில் முந்தி, பிழை செய்தவனின் கையில் அரசாங்கமே மையால் ஒரு கோடு குத்திவிடுமாம், சில ஊர்களில் நெற்றியில். சாகும்வரைக்கும் அந்தக் கோடு அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் சிலர் அந்தக் கோட்டின் மேல் ஓர் அலையைக் குத்திவிடுவார்களாம், ஒரு பூவைக் குத்திவிடுவார்களாம். பிறகு கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம். இதைக் கேட்டபோது என் கையில் இருந்த தாள் கசங்கிப்போனது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். மர வீட்டு நகரங்களில் தீ அணைக்கிறவர்கள் முதுகில் நாகராசாவைக் குத்திக்கொள்வார்களாம், தண்ணீருக்குச் சொந்தக்காரன் அவன்தானே. அருவியில் ஏறி முடித்த மீன் நாகமாகிவிடும் என்று இளம் பெடியன்கள் அந்த மீனைத்தான் வந்து கேட்பார்களாம். சிங்கத்தை அதன் உடம்புக்குள் இருக்கிற ஒரு பூச்சிதான் கொல்லுமாம், அந்தப் பூச்சியைக் கொல்வது ஒரு பூவில் விழுகிற பனித்துளியாம், அதனால் சிங்கம் அந்தப் பூவுக்குக் கீழேதான் படுக்குமாம். இவ்வளவையும் குத்திவிட்டுச் சட்டையால் மூடிக்கொள்வார்களாம். நெஞ்சின் நடுவில் ஒரு சாண் வெறுமையாக விடுவதும் அதற்குத்தான், மேலங்கி கொஞ்சம் விலகினாலும் வெளியே தெரியாது.

"எங்கட கோயிலில சட்டையைக் கழட்டவேணும்" என்று என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன்.

அவள் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒன்பது வருடம் மறைக்கிறதற்குப் படித்துவிட்டு வந்தேன். உங்கள் கடவுள் கழற்றச் சொல்கிறாரா?"

பிறகு நான் கேட்டேன், இவள் யார் என்று. மகன், நீ அங்கே படுத்துக் கிடந்து கேட்ட கதைதான், ஆனால் நான் எப்படிக் கேட்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிற ஓர் ஏழைப் பெண். அரண்மனைக்காரன் ஒருவன் தான் யாரென்று சொல்லாமல் அந்தக் கரைக்கு வந்து அவளோடு வாழ்ந்து ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. பிறகுதான் உண்மையைச் சொல்கிறான்: என் குடும்பத்துக்கு வரவேண்டிய ஒரு மணியை நாகராசா கடலுக்கடியில் பறித்து வைத்திருக்கிறான், அதைத் தேடித்தான் வந்தேன் என்று. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். "எடுத்துத் தந்தால் என் பிள்ளையை உன் வாரிசாக ஏற்றுக்கொள்வாயா?" ஓம் என்கிறான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறாள். மணியை எடுத்துவிட்டாள், நாகராசாவின் சேனை முழுக்கப் பின்னால் வருகிறது. அந்தக் கூட்டம் இரத்தம் பட்டதையும் செத்ததையும் தீண்டாது என்று அவளுக்குத் தெரியும். கத்தியால் தன் மார்பை வெட்டி, மணியை அந்த வெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுக் கயிற்றை இழுக்கிறாள். மேலே வந்தது அவளுடைய உயிரற்ற உடம்பு. மணி உள்ளே பத்திரமாக இருந்தது. பிள்ளை பெரிய மந்திரியானானாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அவன் ஏன் குதிக்கேல்ல?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். "அரண்மனைக்காரன், கரையில நிண்டு கயிறு பிடிச்சவனாமோ! பிள்ளைக்கு மந்திரி வேலை வேணுமோ, தாய் வேணுமோ எண்டு ஆராவது கேட்டவையோ?" நீ சிரித்துக் குலுங்கினாய். ரெகுலா, "அசையாதே, கோடு போய்விடும்" என்று உன்னை அதட்டினாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பவும் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. மட்டக்களப்புக் கரையோரத்தில் பிறந்தவள் நான். அநியாயம் பொறுக்காமல் மார்பைத் திருகி எறிந்து ஊரை எரித்த அம்மனைத்தான் வைகாசிக்கு வைகாசி கும்பிட்டு வளர்ந்தேன். அப்படிப்பட்டவள், இன்னொரு கடலில் மார்பை வெட்டினவளைப் பார்த்து அம்மணப் பொம்பிளை என்று கத்தியிருக்கிறேன். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கவே முடியாது. அவர்கள் சந்தித்தது பேர்ணில், என் பிள்ளையின் முதுகில். என் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது, மகன். கோயிலில் திரை விலகும்போது வருகிற சிலிர்ப்பு அது.

"ஏன் ராசா இவளைப் போட்டனி?"

"வடிவா இருந்துது, அம்மா." ரெகுலா கோலை மையில் தோய்த்தாள். பிறகு சொன்னாய், "அவ திரும்பி வந்தவ. அது எனக்குப் பிடிச்சுது."

"செத்தெல்லோ வந்தவ?"

"வந்தவதானே."

கண்ணைக் கடைசியில்தான் வைப்பேன், என் வழக்கம் அது என்றாள் ரெகுலா. சிலைக்குக் கடைசியில் கண் திறக்கிறதைக் கண்டவள் நான், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்குத்தான் அந்த நாளாம். அவள் கோலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். நீ முகத்தைப் பாயில் வைத்தபடியே, "அம்மா சொல்லட்டும்" என்றாய். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. நான் அழிக்க வந்தவள் என்று உனக்குத் தெரியும். "என்னட்ட ஏன் கேக்கிறாய்?" என்று சீறினேன். பிறகு நானே, "குத்தச் சொல்லு. குருடியா விடாமல்" என்றேன். இரண்டு கண்ணுக்கும் கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஒரு தாள் எடுத்துத் துடைத்தாள். அவள் பார்த்தாள், மகன். கடலடியிலிருந்து நேரே மேலே பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், நீ பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரயில் நிலையத்தில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனது வெட்கத்தால் இல்லை. ஜெனீவாவில் என் பொய் இன்னும் உயிரோடு இருந்தது. அதை வைத்துக்கொண்டு உனக்கு எப்படி ஓம் என்று சொல்வேன்?

அடுத்த ஞாயிறு பேர்ணில் ரயில் மாறி ஜெனீவாவுக்குப் போனேன். உன் மாமியார் வடை சுட்டு வைத்திருந்தார், டொக்டரின் துண்டு வருகிறது என்ற எண்ணத்தில். "வருத்தம் ஒண்டுமில்லை. நான் பொய் சொன்னனான்" என்றேன். "பொய்யோ? ரெண்டு கிழமையா நாங்கள் சாப்பிடாமல் கிடந்தது பொய்க்கோ, அக்கா?" என்று அவர் போட்ட சத்தம் கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், வாங்கவேண்டியதுதானே. பிறகு அன்றைக்கு உன் முதுகைப் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். மாமா ஒருமுறை பார்த்துவிட்டுப் பல்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாமி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "பாக்கிறா, அக்கா" என்றார் மெதுவாக. நிலானி அறைக்குள்ளிருந்து வந்து, "எனக்கு முதல் நாளே தெரியும். வெண்குட்டமோ எண்டு என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ, அம்மா?" என்று தாயைப் பிடித்தாள். உனக்கு நானே எழுதுகிறேன், அதுவரை சொல்லாதே என்று அவளைக் கேட்டுக்கொண்டேன், அவளைக் கோபிக்காதே. மாமா கடைசியாக வந்து சொன்னது, "வருத்தம் இல்லையெண்டால் சரி. ஆனால் படம் எடுக்கேக்க சால்வையால மூடட்டும்." அதை நீயே அவரோடு கதைத்துக்கொள். ஐயரிடமும் போய் ஒப்புக்கொண்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பச்சை குத்தக்கூடாது எண்டு எங்கயும் எழுதிக் கிடக்கேல்ல, அம்மா. சட்டை போடக்கூடாது எண்டுதான் வாசலில எழுதிப் போட்டிருக்கு."

அதற்குப் பிறகும் என் பயம் போகவில்லை. ரெகுலாவின் கதையில் என் கைத் தாள் கசங்கினதும் அதே பயத்தால்தான். அதற்கான காரணத்தை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு ஒரு மாமா இருந்தார், என் அண்ணா, பத்தொன்பது வயதில் காணாமல் போனார் என்பதுவரைக்கும்தான் நீ அறிவாய். ஆறு வயதில் அவர் மேல் கொதிகஞ்சி கொட்டி வலது தோளின் பின்பக்கம் வெந்துபோனது, தோல் சுருங்கி ஒரு தழும்பு நின்றது. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது ஒருநாள் காலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் என்று மட்டும் எழுதுகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களை ஒரு பக்கம் இருத்திவிட்டு, பெடியன்களை வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகு முதுகாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அண்ணாவின் தோளில் கையை வைத்து இது என்ன காயம் என்று கேட்டார்கள். "கஞ்சி கொட்டினது, ஐயா, கஞ்சி கொட்டினது" என்று அம்மா கத்தினார். அத்தனை பேருக்கு முன்னால் அண்ணா சட்டையில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வரிசையில் அவர் இல்லை.

நீ பிறந்த நாளிலிருந்து உன் தோலில் ஒரு கீறல் விழ நான் விட்டதில்லை. சைக்கிளால் விழுந்து முழங்கை உரஞ்சினதற்கு நான் ஒரு மாதம் எண்ணெய் பூசினதை நீ நண்பர்களுக்குச் சொல்லிச் சிரிப்பாயே, அது இதற்குத்தான். யாரும் கையை நீட்டி இது என்ன என்று கேட்கிறமாதிரி உன்னில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். சுவிஸில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பயத்தைச் சொல்லத் தெரியாமல் கோபமாகக் கொட்டினேன். என்னை மன்னித்துக்கொள், ராசா.

இனி உன் கேள்விக்குப் பதில். கோயிலில்தான் தாலி கட்டவேண்டும். கலியாணத்தன்று காலையில் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து உன்னைத் தோய வார்த்துக் குளிப்பாட்டும்போது மாமன்தான் முதல் அறுகை வைப்பது வழக்கம். அந்த இடத்தில் நான் நிற்பேன். ஐயரிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பிறகு கோயில் நடைக்கு வந்து, எல்லோரையும் போலச் சட்டையைக் கழற்றிக் கொளுவு. சனம் பார்க்கும், காதுக்குள் கதைக்கும், போனைத் தூக்கும். நீ திரும்பிப் பார்க்காமல் உள்ளே நட. நான் உன் பின்னால்தான் வருவேன், இந்தமுறை தலையைக் குனியமாட்டேன்.

அம்மா